முறுக்கிய திருப்புளி

சரக்கு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே குலுங்கி நின்றபோது, சாய்த்து வைத்திருந்த நிலைக்கண்ணாடி அவளோடு வந்த கொழுந்தன் மேல் சரிந்து உடைந்தது. முழங்கைக்குக் கீழே பிளந்த இடத்திலிருந்து ரத்தம் பீய்ச்சியது. அவர்களுடைய கண்ணாடிக் கடையில் எதைக் கட்டவும் சணல்தான். கண்ணாடிக் கட்டுக்குச் சுற்றுகிற அதே சணலைப் பல்லால் இழுத்து, அவனே காயத்தின் மேல் கட்டிக்கொண்டான். அது தோலை அறுத்ததே தவிர ரத்தம் நிற்கவில்லை.

துணியை வைத்து அவள் இரு கைகளாலும் அழுத்திப் பார்த்தாள். அதுவும் நனைந்து ஒழுகியது. மகளின் பள்ளியில் பெற்றோருக்கு நடத்திய முதலுதவி வகுப்புக்கு அவள் போனதற்காக, வீட்டில் கொஞ்ச நாள் 'டாக்டரம்மா' என்றே கூப்பிட்டார்கள். இப்போது அந்த வகுப்பு மட்டும்தான் அவளிடம் இருந்தது. துப்பட்டாவை நாலு விரல் அகலத்துக்கு மடித்து, முழங்கை மூட்டுக்கு மேலே புஜத்தில் சுற்றி, முடிச்சில் அவன் சட்டைப்பையிலிருந்த திருப்புளியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கினாள். கண்ணாடியில் அளவு குறிக்கும் பேனாவால் கட்டுப் போட்ட மணியை அவன் நெற்றியில் எழுதினாள்.

மேலேயிருந்து கணவன் குரல் கொடுத்தான், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாம். லிஃப்ட்காரரைத்தான் இன்னும் காணோமாம்.

வலி தாங்காமல் கொழுந்தன் கெஞ்ச ஆரம்பித்தான். விரல்கள் மரத்துவிட்டனவாம், கொஞ்சம் தளர்த்தினால் போதுமாம்.

"ஒத்தைக் கையால என்ன கண்ணாடி அண்ணி பிடிக்கிறது? மூஞ்சி பாக்குற கண்ணாடியா?"

அந்த வீட்டில் யார் முகம் சுருங்கினாலும் இளகிப் போகிறவள் அவள்தான். குழம்பில் உப்பிலிருந்து மகளின் பெயர்வரை அப்படித்தான் நடந்தது. அந்தப் பழக்கத்தில் கை தானாக இளகியது. அடுத்த நொடியே ரத்தம் அவள் மடியில் பாய்ந்தது. அவன் உதடு வெளுத்து, தலை சரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முறுக்கினாள். பிடித்தால் கை போகலாம். விட்டால் ஆளே போய்விடுவான்.

மேல்மாடியின் லிஃப்ட் கதவை நெம்பித் திறந்து, கணவன் தரையில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே நீட்டினான். தம்பியின் நீலம் பாரித்த விரல்களைப் பார்த்ததும் அவன் குரல் மாறியது.

"கொஞ்சம் தளர்த்து. கை போச்சுன்னா அம்மாகிட்ட நீயா பதில் சொல்லுவ?"

"நானே சொல்றேன். நீங்க தொடாதீங்க."

நீட்டிய கை அந்தரத்தில் தயங்கி நின்றது. பிறகு பின்வாங்கியது.

ஆம்புலன்ஸ்காரர் ஒருவழியாக இடைவெளி வழியே இறங்கினார். நெற்றியில் இருந்த மணியைப் படித்தார். அவள் போட்ட கட்டை அவிழ்க்காமல், அதற்கு மேலே தன் பட்டையை இறுக்கினார். கை தேறுமா என்று மேலேயிருந்து கணவன் கேட்டான்.

"அத டாக்டர்தான் சொல்லணும். ஆனா உயிரோட கொண்டு போறோம்."

கொழுந்தனைத் தூக்கி மேலே ஏற்றினார்கள். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே அவள் மட்டும் நின்றாள். கணவன் திரும்பி வந்து அவளுக்குக் கை நீட்டினான்.

"நீங்க அவனோட போங்க," என்றாள். "நான் ஏறி வந்துருவேன்."