கல்லாய் உறைந்த ஊசி மருந்து

ஊசி முனைக்கும் குழந்தையின் தொடைக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள் யசோதினி.

வாசலில் பாண் ரொட்டிக் கூடையோடு நின்ற கணேஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் தாய்மார் நெருக்கியடித்து நின்றார்கள். மருத்துவமாது யசோதினி மருந்துப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். குலுக்கினாள். மறுபடி பார்த்தாள். திரிந்த பால் மாதிரி துகள் துகளாய் அடியில் இறங்கியது.

"கணேஸ் அண்ணே, ராத்திரி இந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?"

கணேஸ் நெஞ்சை நிமிர்த்தினான். பாட்டுப் போட்டுக்கொண்டு, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் பாண் விற்கும் ஓட்டோக்காரன் அவன். நேற்று மழையில் தோட்டம் முழுக்கக் கரண்ட் போனதும், காவல்காரரிடம் சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியை எடுத்துப் போனதும், காலையில் கொண்டுவந்து வைத்ததும் அவன்தான்.

"எங்க பேக்கரியில ஜெனரேட்டர் இருக்கில்ல மிஸ்? ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள வச்சேன். காலையில கல்லு மாதிரி இருந்துச்சு. அவ்வளவு பத்திரம்!"

"உறைஞ்சா இந்த மருந்து செத்துரும் அண்ணே."

யசோதினி ஊசியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னைக்கு இத யாருக்கும் போட முடியாது. நான் டவுனுக்குப் போய் வேற மருந்து எடுத்துட்டு வாறேன்."

"நல்லாருக்கே!" என்று வெடித்தாள் வடிவம்மா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். தொடையைக் காட்டிக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளைதான். "கொழுந்து பறிக்கப் போகாம அரைப் பேரு, அரை நாள் கூலி போச்சு. இருக்கிறதப் போட்டு விடுங்க மிஸ். போட்ட மாதிரியும் இருக்கும், நாங்களும் மலைக்குப் போவோம்."

"போட்ட மாதிரி இருக்கும். அதுதான்க்கா பயம்."

யசோதினி குனிந்து பெட்டியைக் காலி செய்தாள். வடிவம்மா அவள் இடது தோளருகே வந்து நின்றாள். "எத்தன மணிக்கு வருவீங்க?" பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை சத்தமாகவே கேட்டாள். யசோதினி திரும்பிக்கூடப் பார்க்காமல் பெட்டியோடு வெளியே நடந்தாள்.

"பாத்தியாடி திமிர?" என்றாள் வடிவம்மா பக்கத்திலிருந்தவளிடம்.

கணேஸ் ஓட்டோவைக் கிளப்பினான். பின்னால் முழுக்கப் பாண் அலுமாரி. ஆள் உட்கார இடம் டிரைவர் பக்கத்தில்தான்.

"வலப்பக்கம் வாங்க மிஸ். இடப்பக்கம் ஸ்பீக்கர், காது கிழிஞ்சிரும்."

"பரவாயில்ல, இதான் வசதி" என்று அவள் இடப்பக்கமே ஏறி உட்கார்ந்தாள்.

கலஹா ரோட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் பாட்டுப் பெட்டி தானாகவே அலற ஆரம்பித்தது. கணேஸே காதைப் பொத்திக்கொண்டான். இடது காதோரம் ஸ்பீக்கர் முழங்கியும் யசோதினியின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கல்நெஞ்சக்காரிக்குக் காதும் கல்லோ என்று நினைத்துக்கொண்டு வயரைப் பிடுங்கினான்.

"ஒன்னு கேக்கவா மிஸ்? இது எதுக்கு ஊசி?"

"அஞ்சு வியாதிக்கு. அதுல ஒன்னு மூளைக் காய்ச்சல்."

"அது யாருக்கு வருது இப்ப? எங்க லயத்துல ஒரு புள்ளைக்கும் வந்து நான் பாத்ததில்ல."

"ஏன் பாக்கலன்னு நெனைக்கிறீங்க? வருஷக் கணக்கா ஒரு புள்ள விடாமப் போட்டதால. இன்னைக்குச் செத்த மருந்தப் போட்டா நாளைக்கே ஒன்னும் நடக்காது. எல்லாரும் போட்டாச்சுன்னு நிம்மதியா இருப்போம். கொஞ்ச நாள் கழிச்சு, ஏதோ ஒரு லயத்துல, ஒரு புள்ளைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வெட்டி இழுக்கும். அப்ப யாருண்ணே இந்த ஐஸ்கிரீம் பெட்டிய நெனைப்பாங்க?"

கணேஸ் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

வளைவில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் பேராதனை டவுனுக்குப் போகும் பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. யசோதினி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"மிஸ், வேணாம்! மேல இருந்து இன்னும் வரும்!"

"நீங்க இங்கேயே நில்லுங்க. நான் வாற வரைக்கும் அசையக்கூடாது."

அவன் அசையவில்லை. பாண் ஆறிப் போனது. பேக்கரி முதலாளி போனில் கிழித்தார். "வேலய விட்டு நிப்பாட்டினாலும் சரி முதலாளி, வர முடியாது" என்று போனை வைத்தான்.

பொழுது சாயும் நேரம் அவள் வந்தாள். முழங்கால் வரை சேறு. பெட்டியைப் பிள்ளை மாதிரி மாரோடு அணைத்திருந்தாள்.

கிளினிக் காலி. கணேஸ் ஒரு நொடி யோசித்தான். பிடுங்கிய வயரை மாட்டினான். பாண்காரன் பாட்டு லயமெல்லாம் கேட்டது. பாண் வாங்கப் பிள்ளைகளோடு வெளியே வந்த தாய்மாரை, "பாண் அப்புறம், ஊசி முதல்ல! பாண் இன்னைக்குச் சும்மாதான், என் கணக்கு!" என்று கத்தியே கிளினிக்குக்குத் திருப்பினான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டாயிற்று. ஒன்றைத் தவிர.

வடிவம்மா பிள்ளையோடு வாசலிலேயே நின்றாள். "என் புள்ளைக்கு வேணாம். மூணு வாட்டி கேட்டேன். நாயக் கேட்டா நாயாவது திரும்பிப் பாக்கும். மனுசிய மதிக்காதவங்க கை என் புள்ள மேல படவேணாம்."

கணேஸ் பதறினான். "தப்பு என்னுதுக்கா! என்னய ஏசுங்க, மிஸ்ஸ விடுங்க!"

யசோதினி கையுயர்த்தி அவனை அடக்கினாள்.

"எந்தப் பக்கம் நின்னு கேட்டீங்கக்கா?"

"இந்தா, இந்த எடப்பக்கம்!"

"அந்தப் பக்கம் எனக்குக் கேக்காதுக்கா. ஒரு பொட்டுச் சத்தமும் கேக்காது. மன்னிச்சிருங்க."

கணேஸுக்குள் ஓட்டோவின் ஸ்பீக்கர் முழங்கியது. வடிவம்மா மேசையைச் சுற்றி வந்து யசோதினியின் வலது பக்கம் உட்கார்ந்து, பிள்ளையின் துணியை விலக்கினாள்.

"பொறவியிலேயேவா மிஸ்?" குரல் இறங்கியிருந்தது.

யசோதினி புதுப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துகள் இல்லை.

"இல்லக்கா. பொறந்து ஏழு மாசத்துல வந்த மூளைக் காய்ச்சல்ல போன காது. நான் பொறந்தப்ப இந்த ஊசி நம்ம நாட்டுக்கு வரல."