நாலு திருகாணி

கொடையாளர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, அவர் சொல்லும் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்துச் சுவரில் மாட்டிவிடுவது அந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கம். பெயரைப் பார்த்த பிறகு எந்த மனிதனுக்கும் பின்வாங்க மனம் வராதாம். நிதி அலுவலகத்து மேதாவிகள் கண்டுபிடித்த சூட்சுமம். நல்ல காலத்தில் பலிக்கவும் செய்தது. இந்த வருஷம் ஊரில் ஆலை ஆலையாக மூடிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சுப் பயிற்சித் துறையின் தலைவியை மாணவர்கள் 'பேச்சக்கா' என்பார்கள். அவள் மூன்றாவது முறையாக டயர் கம்பெனி வாசலேறினாள். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கு அவளுடைய மாணவர்கள் இலவசமாகப் பயிற்சி கொடுத்துவந்தார்கள். கம்பெனி கைகொடுக்காவிட்டால் இந்தப் பருவத்தோடு துறைக்கு மூடுவிழாதான். போன தடவை குடிக்கத் தண்ணீராவது கொடுத்தார்கள். இன்றைக்கு அதைக் கொண்டுவரக்கூட ஆளில்லை. பாதி மேசைகள் காலியாகக் கிடந்தன.

மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். அவருடைய அப்பா அவளிடம் வாராவாரம் வரும் நோயாளி. பணம் தருவதாக வாக்குக் கொடுத்தபோது, தகட்டில் போட இறந்துபோன தன் அம்மாவின் பெயரைத்தான் அவர் சொல்லியிருந்தார்.

"சுத்தி வளைக்கல மேடம். தலைமை அலுவலகத்துல கையை விரிச்சிட்டாங்க."

"பாதியாவது கிடைக்குமா சார்?"

"ஆளுங்களையே பாதியாக்கிட்டாங்க. இந்த மாசத்தோட நானும் வீட்டுக்குத்தான்."

கேட்க வந்தவளே ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு மெல்லக் கேட்டார்.

"அம்மா பேரு?"

"கழட்டச் சொல்லிட்டாங்க சார். பணம் வராத பேரு சுவத்துல இருக்கக் கூடாதாம்."

"அப்பாவுக்கு என்ன சொல்றது மேடம்?"

பெரியவருக்கு அந்தத் தகடுதான் பாடப்புத்தகம். அதற்கு நேராக நாற்காலியைப் போட்டு, மனைவியின் பெயரைச் சொல்லவைக்க மாணவர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். முதல் எழுத்துக்கு மேல் நாக்கு நகரவில்லை.

கடைசி வகுப்பன்று காலையில் நாலு திருகாணியையும் அவளே கழற்றினாள். வேறு யாரிடமும் விட மனம் வரவில்லை. தகட்டைச் செய்தித்தாளில் சுற்றி, அப்பாவை அழைத்துவந்த மேலாளர் கையில் கொடுத்தாள்.

பெரியவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். நாலு ஓட்டையும், தூசி படாத வெளுப்பும்தான் இருந்தன. மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் விட்டோமே என்று அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

அவர் அந்த வெளுப்பை நோக்கி விரல் நீட்டினார். வாய் கோணியது. பிறகு பெயரைச் சொன்னார். முழுசாக, ஒரு தடங்கல் இல்லாமல்.

தங்களை மறந்து மாணவர்கள் கைதட்டினார்கள். மகன் பொட்டலத்தை முகத்தோடு அழுத்திக்கொண்டு கதவருகே நின்றார். பெரியவருக்குப் பெருமை தாங்கவில்லை. சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த... வாரம்?"

யாரும் சொல்லிக்கொடுக்காத சொற்கள். கைதட்டல் நின்றுபோனது. 'வாங்கப்பா' என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.