கண்ணாடியில் ஒட்டிய விரல்

வந்திருந்தவர்கள் ஆறு பேர். ரப்பர் தோட்டத்தின் துரை ஆபீஸ் மேசைக்குப் பின்னால், தோட்டத்து வரைபடம் தலைக்கு மேல் தொங்க உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் கைப்பிடி வைத்த நாற்காலியில் கொழும்புக் கம்பனியின் கம்ப்யூட்டர்காரர் நிலாம், மடியில் லாப்டொப். கணக்கப்பிள்ளை கந்தையா உட்காராமல் இரும்பு அலுமாரியில் சாய்ந்து நின்றார். கதவோர வாங்குப் பலகையின் ஒரு நுனியில் அழகம்மா, மறு நுனியில் மூக்கையா. இருவரும் மருமகளும் தாய்மாமனும்தான். ஆனாலும் நடுவே இரண்டு பேர் உட்காரக்கூடிய இடத்தை விட்டிருந்தார்கள். நான் யோசப், ஜன்னல் பக்க ஸ்டூலில் கொப்பியோடு இருந்தேன். ரப்பர் பால் சேரும் பால் ஸ்டோரில், உறைந்த பாலை ரோலரில் ஷீட் போடுவது என் வேலை. தொழிற்சங்கத்துக்கு இந்தத் தோட்டத்தில் கடிதம் எழுதுகிறவனும் நான்தான்.

2007 நவம்பர், ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி.

குற்றச்சாட்டு இதுதான். அழகம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். ஒகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் ஆகிய மூன்று மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை அவள் பிரஷர் கிளினிக்குக்காகக் கேகாலைக்குப் போயிருக்கிறாள். ஆனால் அந்த மூன்று நாளும் காலை ஐந்தே முக்கால் தாண்டியதும், பால் ஸ்டோர் வாசலில் இருக்கும் விரல் மெஷினில் அவளுடைய கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே நிற்கிற ஒரே ஆள் மூக்கையா. மருமகளுக்காக மாமன் போலி விரல் வைத்து, வராத நாளுக்கு வந்ததாகப் பேர் போட்டான் என்று தலைமைக் காரியாலயம் முடிவு கட்டியிருந்தது. பதினான்கு நாளில் இருவருக்கும் வேலை நீக்கம். வேலை போனால் லயத்தில் குடியிருக்கும் அறையும் போய்விடும். பதினான்கில் ஒன்பது நாள் கழிந்திருந்தது.

நிலாம் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். இன்டர்நெட்டில் இருந்து அச்சடித்தது.

"இது என்ட கற்பனை இல்ல," என்றார். "அஞ்சு வருஷத்துக்கு முந்தி ஜப்பான்ல ஒரு புரொபெசர் ஜெலி செய்ற சாமான்ல விரல் வார்த்து, இப்படி மெஷின்களுக்கு வச்சுப் பாத்தீக்கிறார். நிறைய மெஷின் ஏமாந்தீக்கிது. ஜெலிக்கே ஏமாறுதுன்டா ரப்பர் பாலுக்கு ஏமாறாதா? இங்க அது வாளி வாளியா ஈக்கிதே."

"ஜப்பான்காரன் படிச்சுப் பண்ணுனான். நம்மாளுக படிக்காமலே பண்ணிட்டாங்க," என்றார் கந்தையா.

துரை மட்டும் சிரித்தார்.

"தொர," என்றாள் அழகம்மா. "மூணு நாளும் நான் அஞ்சு மணி பஸ்ல போயிட்டேனுங்க. கிளினிக் கார்டைக் கொண்டாந்து ஆபீஸ்ல குடுத்ததே நான்தான். திருட்டுப் பேர் போடுறவ, நான் இங்க இல்லன்னு கார்டும் குடுப்பாளா?"

"கார்டு குடுத்தது லீவுக்கு. வெரலு பேருக்கு. ரெண்டு பக்கமும் பாத்திருக்கா," என்றார் கந்தையா.

எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதை பொய்யாகிவிடும். பால் கையில் காய்ந்தால் தோல் மாதிரி உரிந்து வரும், உரித்ததில் ரேகை அப்படியே இருக்கும். சின்ன வயதிலிருந்து நாங்கள் எல்லோரும் அதை உரித்து விளையாடியவர்கள்தான். மூக்கையா மருமகள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்ததும் எனக்கு நல்லதாகப் படவில்லை. ஆனால் வாளி வாளியாகப் பால் இருக்கிறது என்பதை நிலாம் சொன்ன விதமும் பிடிக்கவில்லை. மெஷினைக் கொண்டுவந்து பூட்டியவர் அவர். பிழை மெஷினில் இல்லாமல் ஆட்களிடம் இருந்தால் அவருக்கு வசதி.

"மூணு நாள் தாள் மட்டும்தான் காட்டுறீங்க," என்றேன். "மெஷின் பூட்டின நாள்ல இருந்து அழகம்மாவோட நம்பர் எத்தனை மணிக்கு எல்லாம் விழுந்திருக்கு? அத முழுசா பாக்கணும்."

"அது ரிப்போட்ல வராது."

"ஏன் வராது?"

"ஒரு ஆள் ரெண்டு தரம் விரல் வச்சா, முதல்ல வச்சத மட்டும் எடுக்கிற மாதிரித்தான் புரோகிராம். நான்தான் அப்படி எழுதினன். சில பேர் சத்தம் கேக்கல்லன்டு நாலு தரம் அமத்துறாங்க."

"அப்ப நீங்க எடுக்காம விட்டது எங்க இருக்கு?"

நிலாம் துரையைப் பார்த்தார். துரை தலையை ஆட்டினார். நிலாம் லாப்டொப்பில் கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு வாசித்தார். நான் எழுந்து போய்ப் பின்னால் நின்றேன்.

அழகம்மாவின் நம்பர் 117. ஒகஸ்ட் இருபத்தோராம் திகதி 5.46, பிறகு 6.12. இருபத்து மூன்றாம் திகதி 5.44, பிறகு 6.15. இப்படியே கீழே போனது. மூன்று மாதத்தில் முப்பத்தொரு நாள் 117 காலையில் இரண்டு தரம் விழுந்திருந்தது. மேல் பிரிவு லயத்திலிருந்து இரண்டு மைல் இறங்கி வருகிறவள் அவள். ஆறு பத்துக்கு முன்னால் அவள் வந்து யாரும் பார்த்ததில்லை.

"வேலைக்கு வராத நாள்ல போலி விரல் வச்சா அதுல ஒரு லாபம் இருக்கு," என்றேன். "அவ வந்த நாளும் யாரோ முன்கூட்டியே வச்சிருக்காங்க. அது யாருக்கு லாபம்?"

கந்தையா அலுமாரியை விட்டு நகர்ந்து வந்து திரையைப் பார்த்தார்.

"மூக்கையா," என்றார் துரை, "நீ காலையில மெஷின்ல கை வைக்கிறதா?"

"வைப்பேனுங்க தொர. வைக்கச் சொல்லி ஓடர்தானே."

"ஒன் வெரல மெஷின் எடுக்காதே," என்றார் கந்தையா. "தெனமும் நான்தான் ஒனக்குக் கையால பேர் எழுதுறேன்."

மூக்கையா தன் வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். ஸ்டோரில் ஆசிட் கலக்கும் வேலையில் பதினேழு வருஷம் இருந்தவர். விரல் நுனி மெழுகு தேய்த்ததுபோல் வழவழவென்று கிடந்தது. ரேகை என்று ஒன்றும் இல்லை.

"செவப்பு லைட்டுதான் எரியுமுங்க. ஆனா இப்பக் கொஞ்ச மாசமா சில நாளு பச்சை எரியுது. பீப்புன்னு சத்தமும் வருது. சரி, மெஷினுக்கு என்னையும் பழகிருச்சுன்னு நெனச்சேன்."

"அத ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றார் கந்தையா.

"நல்லது நடந்தா அதுக்கும் ஆபீசுக்கு வந்து சொல்லணுங்களா?"

"மெஷின்ல நம்பர் விழுமே, பாக்கலையா?"

"மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டா வேலைக்கு வருவாங்க?"

அழகம்மா அப்போதுதான் மாமனைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு ஒன்று மனதில் ஓடியது. மதியம் பால் கொண்டுவந்து ஊற்றிவிட்டு எல்லோரும் திரும்பவும் விரல் வைப்பார்கள். அழகம்மா பால் வெட்டும் மலை ஏழாம் நம்பர், ஆற்றுக்கு அந்தப் பக்கம். பெரும்பாலும் கடைசியாக வருகிறவள் அவள். மறுநாள் முதலாவதாக வருகிறவர் மூக்கையா. இடையில் மெஷினில் விரல் வைக்கும் கண்ணாடியை யாரும் தொடுவதில்லை. இதைச் சொன்னேன். "சொன்னா நம்ப மாட்டீங்க. வாங்க, செஞ்சு பாப்போம்."

பால் ஸ்டோருக்கு ஆறு பேரும் நடந்தோம். மெஷின் வாசல் தூணில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. நிலாம் கண்ணாடியைத் சட்டைப் பையிலிருந்த லேஞ்சியால் சுத்தமாகத் துடைத்தார். அழகம்மாவிடம் ஒரு வாளியில் அன்றைய பாலைக் காட்டி, "வேல முடிஞ்சு வாற மாதிரியே செய்ங்க. கூடக் குறைய ஒன்டும் செய்ய வாணாம்," என்றார்.

அவள் கையை நனைத்தாள். இடுப்புச் சாக்கில் பட்டும் படாமலும் துடைத்தாள். விரலை வைத்தாள். பச்சை, 117.

"இப்ப அந்தப் பக்கம் போய் நில்லுங்க. கைய நான் பாக்கிற மாதிரி வைங்க."

அவள் ரோலர் பக்கம் போய் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே விரித்தபடி நின்றாள். திருடியைப் பிடித்து நிறுத்தினதுபோல் இருந்தது. நாங்கள் அரை மணி நேரம் காத்திருந்தோம். கண்ணாடியில் வெள்ளையாக இருந்த ஈரம் மெல்ல நிறம் இழந்து, கடைசியில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஆனது.

"மூக்கையா," என்றார் துரை.

மூக்கையா கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, எல்லோருக்கும் விரலைக் காட்டிவிட்டு வைத்தார்.

பச்சை. பீப். 117.

"மே பலன்ன," என்றார் துரை, இதைப் பாருங்கள் என்று சிங்களத்தில், யாரிடமும் இல்லாமல்.

நிலாம் இரண்டாம் தரம் வைக்கச் சொன்னார். 117. மூன்றாம் தரம் சிவப்பு. நாலாம் தரம் மறுபடியும் 117. அவர் தூணில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "கீழ ஒட்டியீக்கிற பால வாசிக்கிது," என்றார். "இவர்ட விரல் அத அமத்தி மட்டும் குடுக்குது. ரேகை இல்லாத விரல்தானே."

"அப்ப ஜப்பான்காரன் இல்லாமலே மெஷின் தானா ஏமாந்துக்கிச்சு," என்றார் மூக்கையா. கந்தையா வேறு பக்கம் பார்த்தார்.

இத்தோடு முடிந்தது என்று அழகம்மா நினைத்தாள். நான் நினைக்கவில்லை.

"ஹரி," என்றார் துரை; சரி என்று அர்த்தம். "இனி பின்னேரம் துணியால தொடைக்கணும். நான் கொழும்புக்கு போன்ல சொல்றன்."

"எழுத்துல தாங்க தொர. நிறுத்தச் சொல்லி வந்தது எழுத்துலதானே."

"கம்பனி வாங்கின மெஷின் பிழைன்னு நான் எப்படி எழுதுறது யோசப்? போன்ல சொன்னா போதும்."

நிலாம் இதற்குள் ஒரு செலோடேப்பைக் கண்ணாடியில் ஒட்டி, காய்ந்த பாலை அப்படியே உரித்து எடுத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்தபோது அழகம்மாவின் கட்டைவிரல் முழுசாகத் தெரிந்தது.

"இத நான் கொண்டு போறன். அத்தாட்சி. ரிப்போட்ல எல்லாம் போடுறன்."

"அத இங்க தாங்க," என்றேன்.

"இது இல்லாட்டி அவங்க நம்ப மாட்டாங்க."

"இருந்தா வேற எதுக்கு எல்லாம் நம்புவாங்கன்னு யோசிக்கிறேன். இது கொழும்புல ஒரு மேசையில கெடக்கும். நாளைக்கு இவ வராத நாள்ல வந்த மாதிரியும் ஆக்கலாம். போலி விரல் செஞ்சது இதுதான்னு இதையே எடுத்தும் காட்டலாம்."

"என்னைய சந்தேகப்படுறீங்களா?"

"காலையில நீங்க எங்கள சந்தேகப்பட்டீங்க. நான் கோவிச்சுக்கலயே."

அவர் டேப்பை என்னிடம் தராமல் அழகம்மாவிடம் கொடுத்தார். அவள் பாலை டேப்பிலிருந்து சுரண்டி, இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டினாள். மிளகு அளவு உருண்டையானதும் காய்ந்த ஒட்டுப்பால் போடும் கூடைக்குள் எறிந்தாள்.

நான் என் கட்டைவிரலைப் பாலில் தோய்த்துக் கண்ணாடியில் வைத்தேன். மெஷினில் என் நம்பர் 62. காய்ந்ததும் நிலாமே டேப் ஒட்டி உரித்துத் தந்தார்.

மதியத்துக்குப் பிறகு ஸ்டோர் மேசையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். நடந்ததை நடந்த வரிசைப்படி எழுதினேன்: யார் எங்கே நின்றார்கள், கண்ணாடியைத் துடைத்தது யார், எத்தனை நிமிஷம், எத்தனை தரம் பச்சை, எத்தனை தரம் சிவப்பு. முப்பத்தொரு நாளின் திகதியும் நேரமும் தனித் தாளில். கடைசியில் இப்படி எழுதினேன்:

"இத்துடன் இணைத்திருப்பது எனது விரல். அழகம்மாவினுடையது அல்ல. தங்கள் ஆள் இதை இங்கே கொண்டுவந்து, மூக்கையாவின் விரலால் மெஷினில் அழுத்திப் பார்க்கட்டும். நான் வெளியே றோட்டில் நிற்பேன். மெஷின் என்னை உள்ளே காட்டினால், இருவருக்கும் அனுப்பிய கடிதத்தை எழுத்தில் வாபஸ் பெற வேண்டுகிறேன். எனது விரல் தங்களிடம் இருக்கும் நாள்களில் எனது பெயரில் விழும் எந்தப் பதிவையும் நான் ஏற்கமாட்டேன்."

நிலாம் இரண்டு தரம் வாசித்தார். "கடைசி வரி தேவையா?"

"அதுக்காகத்தான் கடிதமே."

ரிப்போட் புரோகிராம் இரண்டாவது பதிவை விட்டுவிடுவது தன் வேலை என்று நிலாம் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்து ஒப்பம் வைத்தார். அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் அவர் ஜீப்பில் கடிதத்தைக் கொண்டுபோய்த் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றேன்.

இரண்டு மணி பஸ்ஸில் அழகம்மாவும் நானும் புளத்கொகுபிட்டிய டவுனுக்கு இறங்கினோம். தபால் கந்தோர் வாசலில் உறையைத் திறந்து தாள்களை இன்னொரு தரம் எண்ணினேன். பசையை நம்பாமல், மருந்துப் போத்தலில் கொண்டுவந்திருந்த பாலை உறை மூடியின் விளிம்பில் தடவி அழுத்தினேன். காய்ந்ததும் அழகம்மா நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். வரவில்லை. மூடியின் குறுக்கே ஒப்பம் வைத்து, பதிவுத் தபாலில் கொடுத்தேன். எழுதுவினைஞர் முத்திரை குத்தி, உறையைக் கொழும்புச் சாக்குக்குள் போடும்வரை இருவரும் கவுண்டரை விட்டு நகரவில்லை.