குச்சி நட்ட இடம்

"கரை சரிஞ்சுடக் கூடாதுன்னுதான் அண்ணி..."

"எந்தக் கரை சரிஞ்சுது? யாரைக் கேட்டு..."

"முழுசாச் சொல்ல விடுங்க..."

"அதான் கல்லே சொல்லுதே தம்பி, நீங்க வேற எதுக்கு?"

வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிற்றோடையில் அண்ணி முழங்கால் தண்ணீரில் நின்றாள். கொழுந்தன் தான் புதிதாக அடுக்கிய கல்வரிசையின் மேல், செருப்பு நனையாமல் நின்றார். பழைய கரைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் அகலத்துக்கு மண் கொட்டி மிதித்திருந்தது. நேற்று வரை அங்கே கணுக்காலளவு தண்ணீர். நாணல் நிழலில் மீன்கள் முட்டையிடும் இடம்.

கணவர் இறந்தபின் வீடு அவளுக்கும் கொழுந்தனுக்குமாக இரண்டானது. ஓடையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனாலேயே அது அவளுடையதாயிற்று. காலையில் உடைந்த குடைக்கம்பியால் நாணலில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளை இழுத்துப் போடுவாள். விழுந்து கிடக்கும் மரக்கிளையை மட்டும் ஒருவரையும் தொட விடமாட்டாள். அதன் அடியில் மீன்குஞ்சுகள் ஒளியும்.

"இந்த ஓடைக்கு நீங்க என்ன மாமியாரா?"

"மாமியாரா இருந்திருந்தா உங்களை வாசல்லயே நிறுத்தியிருப்பேன்."

"கோபப்படாதீங்க. நீங்கதானே குச்சி நட்டு, துணி கட்டி வச்சீங்க? இதுவரைக்கும் எடுத்துக்கோன்னு எல்லை காட்டுறீங்கன்னு நினைச்சேன். அதைத் தாண்டி ஒரு கல்லு வச்சிருந்தா கேளுங்க."

நட்டது அவள்தான். முட்டைகளை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று பழைய புடவையைக் கிழித்துக் கட்டியதும் அவள்தான். காவலுக்கு வைத்ததே அளவாகிப் போயிற்றா? கொழுந்தனின் முகத்தில் தப்பு செய்யாத பிள்ளையின் வருத்தம். அந்த வருத்தம்தான் உறுத்தியது. கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

குனிந்து, கல் இடுக்கில் கையை விட்டாள். கலங்கிய நீர் கசிந்தது. அதில் ஏதாவது நெளிகிறதா என்று பார்த்தாள். மண்தான் வந்தது.

"பிரிக்கச் சொன்னா பிரிச்சுடறேன் அண்ணி. ஷெட்டு இல்லாட்டிப் போகுது, காரு வெயில்லயே நிக்கட்டும்."

அண்ணி மெதுவாக நிமிர்ந்தாள். ஷெட் என்று அவள் வாயே திறக்கவில்லை.

"குச்சி நான் ஞாயித்துக்கிழமை நட்டேன். டேப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் உங்ககூட இங்க நின்னது அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அன்னைக்கு எதுவரைக்கும் அளந்தீங்க தம்பி?"