மூக்கில் எடை இல்லாத மிக்

யார்மிலா தான் ஒட்டிய பிளாஸ்டிக் மிக்-15 போர் விமானத்தைச் சக்கரங்களில் மேசைமேல் நிறுத்தினாள். அது வாலை மேசையில் வைத்து உட்கார்ந்து, மூக்கை மேலே தூக்கிக்கொண்டது. மூக்கைப் பிடித்து அழுத்தினாள். கையை எடுத்தாள். டொக். மறுபடி அழுத்தினாள். மறுபடி டொக். விஷயம் புரிந்ததும் அவள் சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது. செக் நாட்டின் லிதோவெல் ஊரில் பல் உறையும் பல் செட்டும் செய்து கொடுக்கிற, ஐம்பத்தேழு வயதான, மரியாதைக்குரிய பெண்மணியின் வாயில் அப்படி ஒரு வார்த்தை இருக்கும் என்று அவளிடம் வேலை கொடுக்கிற பல் டாக்டர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

பிளாஸ்டிக் கிட் வாங்கி விமானம் ஒட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது பால பாடம். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டு சக்கரமுமாக நிற்கிற விமானத்துக்கு மூக்கில் எடை வேண்டும். உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டுவதற்கு முன்னால் தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டு நாலைந்தை உள்ளே பதித்துவிட வேண்டும். மறந்தால் தொலைந்தது. சக்கரம் மாட்டுவது கடைசி வேலை என்பதால், மறந்தது தெரிவதும் கடைசியில்தான். அதற்குள் வர்ணம் அடித்து, எண்கள் ஒட்டி, புகைக் கறைகூடப் பூசி முடித்திருப்போம்.

ஏன் மறந்தாள் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் அந்த ஹினெக்கால் வந்த வினை. நவம்பரில் ஒரு மாலை, விமானம் ஒட்டுகிறவர்கள் சங்கத்தின் நீள மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஹினெக் நில அளவையர். கோடு கிழித்தால் கோடு வெட்கப்படும். அவ்வளவு நேர்த்தியான மனிதர். வாயைத் திறந்து பத்து வார்த்தை பேசினால் சங்கத்தில் அது செய்தி. அப்படிப்பட்டவர் கிட்டில் வந்த குட்டி விமானியை இடுக்கியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணில்ல, காதில்ல, முட்டிக்குக் கீழ காலும் இல்ல. ஆனா ஆளு நாற்காலிய விடாம உக்காந்திருக்கான். எங்க மேலதிகாரியேதான்" என்றார். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. யார்மிலா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் நீர் முட்ட, சிரித்துக்கொண்டே இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டிவிட்டாள்.

அவளுக்கு ஹினெக்கைப் பிடித்திருந்தது. மூன்று வருடமாகவே பிடித்திருந்தது. அதைத் தனக்குத்தானே ஒளித்து வைக்கிற வயது அவளுக்குத் தாண்டிவிட்டது. அவரோடு பந்தயம் கட்டியதே அதற்காகத்தான். அந்த மிக்குக்குப் பழைய கிட் ஒன்று உண்டு. சமீபத்தில் வந்த புதிய கிட் ஒன்றும் உண்டு. பழையதைக் கொண்டுபோய் அடுப்பெரிக்கலாம் என்று ஹினெக் ஒரு நாள் சொன்னார். அந்த அடுப்பெரிக்கிற கிட்டைக் கட்டியே உங்கள் புதுசைத் தோற்கடிக்கிறேன் என்று அவள் வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள். தோற்றால் வர்ணம் தெளிக்கிற அவளுடைய ஜப்பான் ஏர்பிரஷ் ஹினெக்குக்கு. ஜெயித்தால், பிப்ரவரியில் வேட்டைக்காரர் சங்கம் நடத்துகிற நடன விழாவுக்கு ஹினெக் அவளோடு வர வேண்டும்.

ஹினெக் முகத்தில் ஈயாடவில்லை. பதினாறு வயதில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் போகிற நடன வகுப்புக்கு அவரும் போய், ஒரு பெண்ணின் கால் கட்டைவிரலை மிதித்து நகத்தைப் பெயர்த்தவர். அன்றோடு நடன மேடைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இருந்தும் சரி என்றார். பழைய கிட் தன்னை ஜெயிக்காது என்கிற தைரியம்தான் அது என்று யார்மிலா நினைத்துக்கொண்டாள்.

இப்போது விமானம் வாலில் உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை ஒப்பீடு. உடலைப் பிளக்க முடியாது, வர்ணம் பாழாகும். மூக்கில் இருக்கிற காற்றுத் துளை வழியே எதையாவது திணிக்கலாம் என்றால், ஹினெக் டார்ச் அடித்துப் பார்க்கிற முதல் இடம் அதுதான். பலகையில் ஒட்டி நிறுத்தவும் சங்க விதி இடம் கொடுக்காது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காப்பி போட்டாள். குடிக்க மறந்தாள். பிறகு சட்டென்று எழுந்து உள்ளே போய் மெழுகை எடுத்தாள்.

மெழுகில் ஒரு மெக்கானிக்கைச் செய்தாள். மூக்கின் மேல் குதிரையில் உட்காருவது போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆள். பல் உறை வார்க்கிற அதே கனத்த உலோகத்தில் அவனை வார்த்து, மூக்கில் உட்கார வைத்தாள். டொக். ஒல்லிப் பயல், எடை போதவில்லை. மெழுகில் தொந்தி வைத்தாள். மறுபடி வார்த்தாள். விமானம் யோசித்தது, முன்னே சாய்வதா பின்னே சாய்வதா என்று ஆடிவிட்டு, டொக். பின்புறத்தைப் பெருக்கினாள். மூன்று மடிப்பு மோவாய் வைத்தாள். இரண்டு கையிலும் ஒவ்வொரு பன் ரொட்டி கொடுத்தாள். சாப்பிடுகிற பொம்மையை வைத்துக்கொண்டு அவளே கிளுகிளுவென்று சிரித்தாள். இந்தத் தடவை மிக் சமர்த்தாக மூன்று சக்கரத்திலும் நின்றது. வர்ணம் அடித்து, மீசை வரைந்து முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோதுதான் அது யார் என்று தெரிந்தது. அச்சு அசல் பொர்ஷிவோய். சங்கத் தலைவர். சனிக்கிழமை நடுவரும் அவர்தான்.

'பச்சைத் தவளை' மதுக்கடையின் பின்னறையில்தான் சங்கம் கூடும். சனிக்கிழமை மதியம் உறுப்பினர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பீரும், வினிகரில் ஊறிய சாசேஜுமாக மேசையைச் சுற்றி நின்றார்கள். இரண்டு மிக்குகளும் அக்கம்பக்கமாக நின்றன. வரைபடத்தை விரித்து, இறக்கையின் சரிவை அளந்து, தலைவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். புதிய கிட்டில் தகடுகளின் கோடுகள் மயிரிழையாய்ப் பதிந்திருந்தன. பழைய கிட்டில் அவை புடைத்துக்கொண்டு வருபவை. யார்மிலா எல்லாவற்றையும் தேய்த்தெடுத்துவிட்டு, பல்லைக் குடைகிற ஊசியால் புதிதாகக் கீறியிருந்தாள். மூக்கின் வளைவு மட்டும் பழையதில்தான் உருண்டு திரண்டு சரியாக இருந்தது. புதியதில் கொஞ்சம் தட்டை. அதை அவர்கள் ஒப்புக்கொள்வதற்குள் இரண்டு சுற்று பீர் தீர்ந்தது.

பொர்ஷிவோய் மெக்கானிக்கின் முன்னால் குனிந்தார். வெகு நேரம் குனிந்தே இருந்தார்.

"யாரும்மா இது?"

"மெக்கானிக், தலைவரே."

"நல்ல உடம்பு. பொறுப்பான ஆளு மாதிரி தெரியறான்" என்று சொல்லிவிட்டுத் தன் மீசையைத் தடவிக்கொண்டார். யாரோ பீரைச் சிந்தினார்கள்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவர் தன் விமானத்தின் குறை ஒன்றைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒருவர் விமானத்தை இன்னொருவர் குறை சொல்லப்போய், ஒரு வருடம் கண்ணாடிக் குவளைகள் பறந்ததிலிருந்து வந்த ஏற்பாடு. எல்லோரும் எதையாவது சொல்வார்கள். ஹினெக் மட்டும் ஒவ்வொரு வருடமும் எழுந்து, "குறை இல்ல" என்று சொல்லிவிட்டு உட்காருவார். அது ஆணவம் என்று நினைத்து, இம்மியளவையும் அளக்கிற காலிப்பரோடு பாய்ந்தவர்கள் எல்லோரும் மூக்குடைபட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

யார்மிலாவுக்குப் பொய் சொல்ல வழி இருந்தது. சக்கரக் கதவு கொஞ்சம் தடிப்பு என்றால் முடிந்தது கதை. நடனத்துக்கு எடுத்து வைத்திருக்கிற பச்சை நிற கவுன் கண்முன் வந்து போனது. ஆனால் ஹினெக் எதிரே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் முன்னால் நின்று அளவு மாற்றிச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கையை நீட்டி மெக்கானிக்கைத் தூக்கினாள். டொக்.

கொல்லென்று சிரிப்பு வெடித்தது. பொர்ஷிவோய்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் ஒருவன் உட்கார்ந்தால்தான் இந்த நாட்டின் விமானப்படையே நிற்கும் போலிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். யார்மிலாவும் சிரித்தாள். தோற்றது தோற்றாயிற்று, சிரிக்கிறதுக்கு என்ன காசா பணமா என்று இருந்தது அவளுக்கு.

அடுத்து ஹினெக் எழுந்தார். "குறை இல்ல"வைக் கேட்டுவிட்டு அடுத்த பீருக்குப் போகலாம் என்று பாதிப் பேர் நாற்காலியைத் தள்ளினார்கள். ஹினெக், இடது இறக்கை வலதைவிடத் தாழ்ந்திருக்கிறது என்றார்.

தள்ளின நாற்காலிகளை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். காலிப்பர் வந்தது. அளந்தார்கள். மறுபடி அளந்தார்கள். இறக்கைகள் இம்மி பிசகாமல் இருந்தன. அப்படியானால் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டின தடம் தெரிகிறது என்றார் ஹினெக். பூதக்கண்ணாடி வந்தது. தடமாவது மண்ணாவது. வர்ணத்தில் தூசி என்றார். தூசியும் இல்லை. ஒவ்வொன்றும் இல்லை இல்லை என்று ஆக ஆக, ஹினெக்கின் காது சிவந்துகொண்டே வந்தது. எல்லோர் காதிலும் பூச்சுற்றுகிறாரே, இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று யார்மிலா திகைத்தாள். பிறகு மெல்ல மெல்ல அவளுக்கு உறைத்தது. ஹினெக் தோற்கப் பார்க்கிறார். முட்டிமோதிப் பார்க்கிறார், விமானம்தான் விடமாட்டேன் என்கிறது.

பொய்க் குறை சொல்ல விதியில் இடமில்லை என்று பொர்ஷிவோய் கோபித்துக்கொண்டார். இருந்தால் சொல், இல்லாவிட்டால் உட்கார் என்றார். ஹினெக் உட்காரவில்லை.

"ஒண்ணு இருக்கு. அவங்க ஈயம் வைக்காம மூக்க மூடினத நான் பாத்தேன். பாத்துட்டு சொல்லல."

"ஏன்யா சொல்லல?" என்றார் பொர்ஷிவோய். "ஜெயிக்கணும்னா?"

ஹினெக் காலிப்பரைத் திறந்து மூடித் திறந்து மூடினார். "அவங்க சிரிச்சிட்டிருந்தாங்க. நான் சொன்னதுக்கு. நான் சொல்லி யாரும் அப்படி சிரிச்சதில்ல. ஈயத்தப் பத்திப் பேசினா அவங்க நிறுத்திடுவாங்கன்னு இருந்துட்டேன்."

இது விமானத்தின் குறையா, கட்டினவரின் குறையா என்று பின்வரிசையில் ஒருவர் சட்டம் பேச ஆரம்பித்தார். பொர்ஷிவோய் அவர் வாயில் ஒரு சாசேஜைக் கொடுத்து அடக்கினார். கட்டினவரின் குறைதான், விமானத்தில் பழுதில்லை என்று தீர்ப்பாயிற்று. ஓட்டெடுத்தார்கள். கைகள் உயர்ந்தன. ஹினெக் அமோகமாக ஜெயித்தார்.

ஜெயித்தவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். யார்மிலா கைப்பையிலிருந்து ஏர்பிரஷ் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஐம்பத்தேழு வயதில் இப்படியெல்லாம் தலை கிறுகிறுக்குமா என்று இருந்தது.

"பந்தயம் முடிஞ்சிடுச்சு. குடுக்க வேண்டியத குடுத்துட்டேன்" என்றாள். "இப்ப பந்தயம் கிந்தயம் இல்லாம கேக்கறேன். நடனத்துக்கு என்கூட வர்றீங்களா?"

பொர்ஷிவோய் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். ஹினெக் அவளுடைய காலணிகளைப் பார்த்தார். சேதம் எவ்வளவு ஆகும் என்று அளப்பவர் போலப் பார்த்தார்.

"நான் மிதிப்பேன்."

"தெரியும்."

"ஒரு கால மட்டும் இல்ல. ரெண்டையும்."

"மிதிங்க. வேற யார் மிதிக்கப் போறாங்க?"

"எத்தன மணிக்கு?" என்றார் ஹினெக்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏழரைக்கு வீட்டுக்கே வந்துவிடச் சொன்னாள்.