பதினொரு பாகைக் கோடு

நளீர் நானா எனக்குத் தரவேண்டியிருந்தது பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய். நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு வீதம் நாலு நாள் கூலி. மிச்ச அறுநூறு, அவருடைய விறாந்தைச் சுவருக்கு அடிக்க நான் கைக்காசு போட்டு வாங்கின சுண்ணாம்பு. சுவர் பூசி முடித்து மூன்று மாதமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு மகளுக்குக் கோயிலில் புதுநன்மை, முதல் தரம் நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைச் சட்டை தைத்து முடிந்து, குருநகர்ச் சந்தித் தையற்கடையில் காசுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இண்டைக்கும் வெறுங்கையோடை வந்தியளெண்டால், சட்டைக்குப் பதிலா உங்கடை சாரத்தைத்தான் பிள்ளைக்குக் கட்டிவிடுவன்,” என்று சொல்லித்தான் என் மனுசி கத்தரீனா என்னை அனுப்பினாள்.

நளீர் நானா கெட்ட மனிதரில்லை. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்து, திரும்பி வந்து சோனகத் தெருவில் இடிந்து கிடந்த வீட்டை அறை அறையாகக் கட்டுகிறவர். ஒரு அறை முடிய அவருடைய காசும் முடியும். பழைய இரும்பு விற்று மறுபடி சேர்த்து அடுத்த அறையைத் தொடங்குவார். என்னுடைய கூலி இரண்டு அறைகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

ஞாயிறு பின்னேரம் இரண்டரை மணிக்குப் போனேன். பகலிலேயே விறாந்தை யன்னல்களுக்கெல்லாம் சாக்குக் கட்டியிருந்தது. படலையைத் தட்ட நளீர் நானா வந்து உதட்டில் விரலை வைத்தார்.

“நானா, அந்தக் காசு...”

“உஷ். படம் ஓடுது. உள்ளை வந்து இரும் கனிசியஸ். முடிய எல்லாம் கதைப்பம்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்திவிட்டார். கண் இருட்டுக்குப் பழகத்தான் ஆட்களைத் தெரிந்தது. அவருடைய மகள் நஸ்லியா, கம்பஸில் படிக்கிறவள், ஒரு குட்டி முக்காலியில் வைத்திருந்த புரொஜெக்ரருக்குப் பக்கத்தில். முன்னுக்கு, நல்லூரிலிருந்து வருகிற மார்க்கண்டு ஐயா, பென்சன் எடுத்த போஸ்ற் மாஸ்ரர். அவருக்குப் பக்கத்தில் பராசக்தி ரீச்சர், ரியூசனில் கணக்குப் படிப்பிக்கிறவ. இந்த நாலு பேரும் ஒரே ஒரு வெளிநாட்டு இயக்குநருடைய படங்களாகப் பார்த்துப் பார்த்துக் கதைக்கிறார்களாம். அவருடைய பெயர் ஒருவர் வாயிலும் சரியாக வராததால் ‘பெரியவர்’ என்றே எல்லாரும் சொன்னார்கள். அன்றைக்கு மூன்றாவது படம். ஒருவரும் முதலே பார்க்கக் கூடாது, எல்லாரும் சேர்ந்துதான் பார்க்கவேண்டும் என்று ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள்.

நான் பூசின சுவரில்தான் படம் ஓடியது.

ஒரு மனிதன் முதுகில் ஒரு கதவைக் கட்டிக்கொண்டு மலை ஏறினான். அவ்வளவுதான். தங்கச்சியின் வீட்டுக்குக் கதவு இல்லையாம், கொண்டுபோய்க் கொடுக்கிறானாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் யாராவது ஒரு சொல்லுச் சொல்ல, நஸ்லியா அதைத் தமிழில் வாசித்தாள். நான் நாற்பது வயது தாண்டி எழுத்துக் கூட்டப் பழகினவன். கீழே ஓடின இங்கிலீசு எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித்தான். ஆனால் வாசிக்க அதிகம் இருக்கவில்லை.

முதலில் நினைத்தேன், நல்லது, கொஞ்சம் நித்திரை கொள்ளலாம் என்று. ஆறு நாள் கல்லும் கலவையும் தூக்கின உடம்பு. கண்ணை மூடப் போகிற நேரத்தில், அந்த மனிதன் கதவை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினான். மாற்ற முன்னர் முழங்காலை ஒருக்கால் மடக்கிப் பார்த்தான். என்னுடைய முழங்கால் தானாக மடங்கியது. பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. உவன் உந்தக் கல்லில் இப்ப குந்துவான் என்று நினைத்தேன், குந்தினான். குந்தினால் எழும்புவது பாடு என்று நினைத்தேன், எழும்பப் பட்ட பாட்டையும் முழுவதுமாகக் காட்டினார்கள்.

அவன் மலை உச்சிக்கு வந்தான். சுவர் முழுக்க வெளிர் வானம்.

அப்போதுதான் அதைக் கண்டேன். வானத்தின் இடது ஓரத்திலிருந்து வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுகிற ஒரு மெல்லிய கறுத்தக் கோடு.

அது என்னுடைய ஒட்டு. அந்தச் சுவரை ஒரே நாளில் பூசியிருக்கவேண்டும். மூன்று மணிக்குக் கை விட்டுவிட்டது, பூச்சுக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய் மற்ற நாள் விடிய மிச்சத்தைப் பூசினேன். பழைய பூச்சும் புதுப் பூச்சும் சந்திக்கிற இடத்தில் ஒரு நூலளவு மேடு. வெள்ளை அடித்தபிறகு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. ஆனால் குட்டி முக்காலியில் வைத்துக் கீழிருந்து வெளிச்சம் அடித்தால், மேட்டின் நிழல் விழும்.

இதைக் கண்டுபிடித்தார்களோ, என் காசு போச்சு. கோணல் சுவருக்குக் கூலியோ என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

அஸர் பாங்கு சொல்ல, நஸ்லியா படத்தைப் பாதியில் நிறுத்தினாள். நளீர் நானா பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வரும்வரை தேத்தண்ணியும் அவருடைய மனுசி றஹ்மத்தும்மா பொரித்த பற்றீஸும் வந்தன. பற்றீஸ் எடுக்கிறபோது நஸ்லியாவிடம் மகளுடைய புதுநன்மையைப் பற்றிச் சொன்னேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும், மிச்சப் படத்தைப் போட முன்னரே கதை தொடங்கியது.

மார்க்கண்டு ஐயா தொண்டையைச் செருமினார். “எல்லாரும் கண்டனீங்களோ? அந்தக் கோடு.”

நான் பற்றீஸை மெல்லாமலே விழுங்கினேன்.

“முதல் படத்திலை ஏரிக்கு மேலை வந்துது. அது எல்லைக் கோடு. ரெண்டாம் படத்திலை, பஸ்ஸுக்குக் காத்துநிண்ட மனுசியின்ரை தலைக்கு மேலை. அது விதி. இண்டைக்குக் கதவு சுமக்கிறவனுக்கு மேலை. அது என்ன?”

“பாரம்,” என்றார் நளீர் நானா.

“அதேதான்! ஒரு சின்னக் கோட்டிலை மனிசன்ரை முழுச் சீவியத்தையும் பெரியவர் கீறிப்போட்டார்.”

“எனக்கு உந்த விதி, பாரம் எல்லாம் விளங்காது ஐயா,” என்றா பராசக்தி ரீச்சர். “ஆனா நான் பாகைமானி கொண்டுவந்து அளந்தனான். மூண்டு படத்திலையும் பதினொரு பாகை. அரைப் பாகை அங்காலை இங்காலை இல்லை. அந்தாளின்ரை ஒழுங்கைப் பாருங்கோ!”

“மூண்டு படத்துக்கும் இடையிலை இருபது வருசம் ரீச்சர்,” என்றாள் நஸ்லியா. “இருபது வருசமா ஒரே கோணம்.”

“அதுதான் பிள்ளை கலை.” மார்க்கண்டு ஐயா பையிலிருந்து ஒரு தாள் கட்டை எடுத்தார். “முதல் ரெண்டு படத்தையும் வைச்சே பதினொரு பக்கம் எழுதியிருக்கிறன். பதினொரு பாகைக்குப் பதினொரு பக்கம். நாளைக்குக் கொழும்புச் சஞ்சிகைக்குத் தபாலிலை போடுறன்.”

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

“கனிசியஸ், நீரும் ஒண்டு சொல்லும்,” என்றார் நளீர் நானா. “பாத்த ஆள் சொல்லாமல் போகேலாது. எங்கடை சட்டம்.”

“நான் என்னத்தைச் சொல்ல நானா? நான் மேசன்.”

“அப்ப மேசன் சொல்லட்டும்,” என்றா ரீச்சர்.

நான் எழும்பினேன். இருந்தபடி கதைத்துப் பழக்கமில்லை. “எனக்குப் பிடிச்சுது. வேறை படங்களிலை ஒருத்தன் மூட்டையைத் தூக்குவான், அடுத்த நிமிசம் சந்தையிலை நிப்பான். நடுவிலை நடந்ததை ஒருத்தரும் காட்டமாட்டினம். எங்களுக்கு நடுவிலைதான் முழுச் சீவியமும் போகுது. இந்தாள் தூக்கினதிலையிருந்து ஒவ்வொரு அடியையும் பாத்துக்கொண்டு நிக்கிறார். கூடநிண்டு தூக்கினமாதிரிக் கிடந்துது.”

மார்க்கண்டு ஐயா பேனையை எடுத்து அதைத் தாளின் ஓரத்தில் எழுதத் தொடங்கினார். “கனிசியஸ், உம்மடை முழுப்பேர் என்ன? கட்டுரையிலை போடவேணும். கோட்டைப்பற்றியும் ஒரு வசனம் சொல்லும்.”

சும்மா இருந்திருக்கலாம். அந்த மனிதர் என்னுடைய சொல்லை எழுதிக்கொண்டிருந்தார். நாளைக்குத் தபாலில் போட்டால் கொழும்பில் படித்தவர்கள் சிரிப்பார்கள். மகளுடைய சட்டை கண்ணுக்கு முன்னால் ஆடியது. அது ஆட ஆடவே என் வாய் திறந்துவிட்டது.

“ஐயா, அந்தக் கோடு பெரியவற்ரை இல்லை. என்ரை.”

“உம்மடையோ?”

“பிள்ளை, படமில்லாமல் சும்மா வெளிச்சத்தை மட்டும் அடியம்மா.”

நஸ்லியா அடித்தாள். சுவர் வெறும் வெள்ளையாக நின்றது. கோடும் நின்றது. நான் போய் விரலை அதன்மேல் வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்துக் காட்டினேன். “வியாழக்கிழமை இதுமட்டும் பூசினனான். எனக்குக் களைச்சுப்போச்சு. மிச்சம் வெள்ளிக்கிழமை.”

பராசக்தி ரீச்சர் ஒரு சத்தம் போட்டா. அழுகிறாவாக்கும் என்று நினைத்தேன். சிரிப்பு. “அரைப் பாகை மாறேல்லை எண்டு... ஐயோ என்ரை கடவுளே, பாகைமானியும் கொண்டுவந்து!” நஸ்லியா கதிரையிலிருந்து வழுக்கி நிலத்தில் இருந்துவிட்டாள்.

மார்க்கண்டு ஐயா மட்டும் சிரிக்கவில்லை. பதினொரு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் நின்று, தானே எழுதினதை உரத்து வாசித்தார்: “‘இக்கோடு களைப்புற்ற மனிதனின் கையொப்பம் ஆகும்.’” கண்ணாடியைக் கழற்றினார். “எடேய், இந்த ஒரு வசனம் சரியடா!” என்று கத்தினார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்தார்கள்.

நளீர் நானா சுவரைத் தடவிப் பார்த்தார். “அப்ப இந்தச் சுவருக்கோ கனிசியஸ், நான் உமக்குக் கடன்?”

நான் எதிர்பார்த்த கேள்விதான். “ஓம் நானா. ஒட்டு என்ரை பிழை. சுரண்டிப்போட்டுத் திருப்பிப் பூச ஒரு நாள் செல்லும். அதுக்குக் கூலி வேண்டாம். ஆனா பழைய கூலி, கூலிதான்.”

அவர் என்னை ஒருக்காலும் சுவரை ஒருக்காலும் பார்த்தார். “கூலிதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. கொழும்பு யாவாரி இரும்புக்குக் காசு தந்தானெண்டால் அண்டைக்கே உம்மடை கையிலை வைச்சிருப்பன். மூண்டு மாசமா உம்மைக் கண்டாலே வெக்கமாக் கிடக்குது. அதுதான் படத்துக்கு முன்னாலை இருத்திவிட்டனான்.”

“வாப்பா,” என்றாள் நஸ்லியா, “துணித்திரை வாங்க நாங்கள் சேர்த்த காசு பதினையாயிரம் கிடக்கு.”

“சுவர் சரிவந்தால் திரை என்னத்துக்கு?” என்று உடனே கேட்டா ரீச்சர். “அந்தக் காசை இவருக்குக் குடுங்கோ.”

“என்ரை கடனை நீங்கள் கட்டுறதோ? விசர்க்கதை கதையாதையுங்கோ!”

“நளீர்,” என்றார் மார்க்கண்டு ஐயா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மூண்டு மாசமா உம்மடை வீடு, உம்மடை கரண்ட், உம்மடை மனுசியின்ரை பற்றீஸ். ஒரு ஹோல் எடுத்திருந்தால் இதைவிடக் கூட முடிஞ்சிருக்கும். வாடகை எண்டு வையும். வைக்காட்டில் நான் இனி வரமாட்டன்.”

“நானும்,” என்றா ரீச்சர்.

உள்ளேயிருந்து றஹ்மத்தும்மாவின் குரல் வந்தது: “வாங்குங்கோ மனுசா! அந்தப் பிள்ளைக்குப் புதுநன்மையாம். பற்றீஸ் எடுக்கேக்கை சொன்னது கேட்டது.”

நளீர் நானா இரண்டு கையையும் விரித்தார். தோற்றவரைப் போல இல்லை, பெரிய மூட்டை ஒன்றை இறக்கினவரைப் போல இருந்தார். நஸ்லியா உள்ளே போய் ஒரு பிஸ்கற் தகரத்தை எடுத்துவந்தாள். புரொஜெக்ரர் வெளிச்சத்தில் தாள் தாளாக எண்ணி வாப்பாவின் கையில் வைத்தாள். அவர் அதை எண்ணாமல் என்னுடைய கையில் வைத்தார். மிச்ச நானூறையும் சீமெந்துக்கென்று எடுத்து வைத்தார்கள்.

“கெதியா எண்ணும் ஐசே,” என்று அவசரப்படுத்தினார் மார்க்கண்டு ஐயா. “அங்கை அந்த மனுசன் கதவோடை நிண்டபடி நிக்கிறான். தங்கச்சி பாத்துக்கொண்டிருப்பாள்.”

நான் இரண்டு தரம் எண்ணினேன். பதினாலாயிரத்து அறுநூறு.

“சரி நானா,” என்றேன். “கணக்கு முடிஞ்சுது.”