எடுத்துக் காட்டிய உருண்டை

சித்திரையில் புட்டு இறங்கவில்லை. வைகாசியில் சோறு இறங்கவில்லை. ஆனியில் பாண் ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து விழுங்கிய கனகம்மா, நெஞ்சைப் பிடித்தபடி, கிளிவெட்டியிலிருந்து வந்த மருமகள் பூரணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தீர்ப்பு முடிந்திருந்தது.

"கிளிவெட்டிக்காரி சோத்துக்குள்ள மருந்து வைச்சிட்டாள். புருசனைக் கைக்குள்ள போட வைச்சது எனக்குள்ள போய் நிக்குது."

"ஆசுப்பத்திரிக்குப் போவம் மாமி."

"ஏன், எப்ப சாவன் எண்டு கேக்கவோ?"

வெள்ளையர் விட்டுப்போன துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் மகன் சோமசேகரம், கப்பல்களின் வயிற்றிலிருந்து எத்தனை பாரத்தை எடுத்தவன்! தாயின் தொண்டைக்கு அவன் அழைத்து வந்ததோ, வசியமருந்து எடுப்பவனை. வந்தவன் கனகம்மாவின் வயிற்றில் வாய்வைத்து உறிஞ்சினான். மயிர் சுற்றிய கறுப்பு உருண்டையொன்றை வெற்றிலையில் துப்பிக் காட்டினான். அயல்சனமே திரண்டு பூரணியைப் பார்த்தது.

அன்றுமுதல் அவளுக்குக் குசினியில் சமையல் இல்லை. மாமிக்குக் கஞ்சி கொடுத்தவள் அடுத்த வீட்டு மாகிரட். மருந்து வெளியேறியது உண்மையானால் கஞ்சி ஏன் திரும்பி வருகிறது? கேட்க வேண்டிய மகன் கேட்கவில்லை. கேட்ட பூரணியின் கன்னத்தில் அவன் கை விழுந்தது.

புரட்டாதியில் தண்ணீரும் சிக்கிய பிறகே தாயைத் தூக்கிக்கொண்டு ஓடினான். டொக்டர் வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் பிடித்தார்.

"இது சாப்பாடு போற குழாய். இதில புற்று வளந்து வழியை அடைச்சுப்போட்டுது. வெத்திலை, புகையிலை எத்தினை வருசம்?"

"எனக்கு நினைவு தெரிஞ்ச நாள் தொட்டு," என்றான் சோமசேகரம்.

"புட்டுச் சிக்கின அண்டைக்கே கொண்டந்திருந்தா ஏதும் செய்து பாத்திருக்கலாம்."

"மருந்து எடுப்பிச்சனாங்கள்... உருண்டை வந்தது..."

"வயித்தில வாய் வைச்சு உறிஞ்சினா எப்பிடியப்பா உருண்டை வரும்? தோலில ஓட்டை இருந்ததோ?"



கட்டிலில் கிடந்த கனகம்மா, பக்கத்தில் நின்ற பூரணியின் கையைப் பற்றினாள். "நீ வைச்சதை நீயே எடு பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

'ஓம், நான்தான் வைச்சது' என்றால் மாமிக்கு நிம்மதி. ஊருக்கோ அது சாட்சி. நாளை இன்னொருத்தியின் கன்னத்தில் அறை.

"இல்லை மாமி. நான் ஒண்டும் வைக்கேல்லை. இது சாப்பாட்டுக் குழாயில வந்த வருத்தம்."



"அப்ப அவன் எடுத்துக் காட்டினது?"

"அவன் தன்ர வாய்க்குள்ள கொண்டந்தது, மாமி."

கனகம்மா வாயைத் திறந்தாள். மூன்று மாதத்தின் பின் மருமகள் கையால் ஒரு கரண்டித் தண்ணீர். அது இறங்கவில்லை, கடைவாயால் வழிந்தது. பூரணி சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் கரண்டியை நனைத்தாள்.